உரையாக வரும் எண்களை ஒப்பிடுவது குறித்து

வணக்கம். இணையப் பக்கத்திலிருந்து எடுத்த விலைகளில் 999 என்பது 1,250-ஐ விடப் பெரியது என்று உங்கள் பைத்தான் நிரல் காட்டுவதற்குக் காரணம், அவை இரண்டும் எண்களாக மாறாமல் இன்னும் சரங்களாகவே, அதாவது வெறும் எழுத்துத் தொடர்களாகவே இருப்பதுதான். சரங்கள் இடப்புறத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடப்படுவதால், முதலில் நிற்கும் 9, 1-ஐ முந்திவிடுகிறது. ஆகவே, காற்புள்ளி, நாணயக் குறி, இடைவெளி ஆகியவற்றை நீக்கிவிட்டு, எஞ்சியதை டெசிமல் என்னும் தசம எண் வகைக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள். இலக்கமல்லாத அனைத்தையும் நீக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டாம், அது 12.50-ஐ 1250 ஆக்கிவிடும். ஜெர்மன் தளங்களில் இதே விலை 1.250,00 என்று வரும், அதாவது புள்ளி ஆயிரத்தையும் காற்புள்ளி தசமத்தையும் பிரிக்கும்; அங்கே புள்ளியை முதலில் நீக்கிவிட்டு, அதன் பின்னரே காற்புள்ளியைப் புள்ளியாக்க வேண்டும். விலை இல்லாத வரிகளை 0 என நிரப்பாதீர்கள். மிகக் குறைந்த விலையைத் தேடும்போது அவையே முதலில் வந்து நிற்கும்.