பாயிண்ட் ஷூ போடுவதற்கு முன் கால் வலுவையும் பேலன்ஸையும் எப்படி வளர்ப்பது?

பாலே என்ற மேற்கத்திய நடனத்தில் விரல் நுனியில் ஏறி நின்று ஆடப் போடுவதுதான் பாயிண்ட் ஷூ. முதலில் அதை வாங்காதீர்கள். நான் வாங்கிக் கெட்டவள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி, ஓசூர் வழியாகப் பெங்களூர் போய் பாலே கற்கிறேன். மற்ற ஆறு நாளும் பிடித்துக்கொள்ள சமையலறை கிரானைட் மேடைதான். சின்ன வயதில் பரதம் ஆடிய கால், இதற்கு மேல் என்ன பலம் வேண்டும் என்ற மிதப்பில், டீச்சரிடம் சொல்லாமல் ஆன்லைனில் ஷூ வரவழைத்தேன். டைல்ஸ் தரையில் ஏறி நின்றதுதான் தெரியும், கணுக்கால் வெளிப்பக்கமாகப் பிரண்டுவிட்டது. மூன்று வாரம் நொண்டினேன்.

எங்கே தப்பு என்று பிறகுதான் புரிந்தது. குதித்து மெட்டு அடவிலும் முன்பாதத்தில்தான் எழும்புகிறோம். ஆனால் அது அரைமண்டியில், முட்டி மடங்கிய நிலையில். பாலேயில் முட்டியை முழுக்க நீட்டி எழ வேண்டும். அப்படி எழும்போது கெண்டைக்கால் மேல்தசைக்கு வேலை கூடும். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

அதனால் தினமும் செய்ய வேண்டியது குதிகால் தூக்குவதுதான். முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். இரண்டு எண்ணிக்கையில் ஏறி, நான்கு எண்ணிக்கையில் இறங்குங்கள். தொப்பென்று இறங்கினால் பாதிப் பலன் போய்விடும். எடை கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் மேல் இருக்கட்டும்; சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் என் கதைதான். முட்டி மடங்காமல் ஒரு காலில் 20, 25 முறை வந்தால்தான் பல டீச்சர்கள் ஷூ பேச்சையே எடுப்பார்கள்.

அப்புறம் உள்ளங்கால். விரல்களைச் சுருட்டாமல், தரையில் நீளமாக வைத்தபடி, முன்பாதத்தைக் குதிகால் பக்கம் இழுத்து நடுப்பாதத்தை வளைவாகத் தூக்குங்கள். முதல் வாரம் ஒன்றுமே அசையாது. பொறுமையாகச் செய்யுங்கள், ஷூவுக்குள் விரல் மடங்காமல் நீண்டு நிற்பதற்கு உதவுவது இந்தச் சின்னத் தசைகள்தான்.

பேலன்ஸுக்குத் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. பால் பொங்கும்வரை ஒற்றைக் காலில், வயிற்றை உள்ளிழுத்து, இடுப்பு ஒரு பக்கம் இறங்காமல் நிற்பேன். “ஏம்மா, கால்ல முள்ளு குத்திடுச்சா?” என்று மாமியார் கேட்காத நாள் கிடையாது. அது பழகியதும் கண்ணை மூடி நின்று பாருங்கள் (அடுப்புப் பக்கம் வேண்டாம்). கண் உதவி போனதும் கணுக்கால் தானாக நடுங்கி நடுங்கிச் சரிசெய்யும், அதுவே பயிற்சி.

ஷூவே தூக்கி நிறுத்திவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1832இல் பாரிஸில் ‘லா சில்ஃபீட்’ ஆடி நுனிக்கால் நடனத்தைப் புகழ்பெற வைத்த மரீ டாக்லியோனி அணிந்தது மெல்லிய சாட்டின் செருப்பு. நுனியிலும் ஓரத்திலும் தையல் போட்டிருந்தது, அவ்வளவுதான். இன்றைய ஷூவில் இருக்கும் கெட்டியான முன்பெட்டி அதில் கிடையாது.

குழந்தைக்காகக் கேட்கிறீர்கள் என்றால், எலும்பு இன்னும் வளர்கிற வயது. பொதுவாக 11, 12 வயதுக்கு முன் வேண்டாம், அதுவும் சில வருடம் முறையாகக் கற்ற பிறகுதான். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டும்போது குதிகாலுக்குப் பின்னால் நெருக்குகிற மாதிரி வலித்தால், பெரியவர்களும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

என் கணக்கு இன்றைக்கு வலது காலில் 22, இடது காலில் 17. ஷூ பீரோவில் இருக்கிறது.