ஹம்ஸ்டர்: ஒரு ஜெர்மன் சொல்லைப் பற்றிக் கேள்வி பதில்

மொழி மாணவி: ஐயா, 'ஹம்ஸ்டர்' ஜெர்மன் சொல்தானா?

எலி போன்ற ஒரு சிறு விலங்கின் பெயர் அது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அதை ஜெர்மனிலிருந்துதான் எடுத்தன. ஆனால் ஜெர்மனுக்கே அது இரவல் என்பதுதான் பரவலான கருத்து. ஜெர்மனின் முற்கால வடிவமான பழைய உயர் ஜெர்மனில் 'ஹமுஸ்ட்ரோ' என்று இருந்தது. அதன் வேர் ஸ்லாவிய மொழிகளில் இருக்கிறது. போலந்து மொழியில் இன்றும் 'ஹோமிக்' என்கிறார்கள். ஆங்கிலேயர் ஒரு காலத்தில் இந்த விலங்கை 'ஜெர்மன் எலி' என்றே அழைத்தார்கள்.

வங்கி ஊழியர்: 'ஹம்ஸ்டர்ன்' என்ற வினைக்குச் சேமிப்பது என்று பொருள் கொள்ளலாமா?

கூடாது. சேமிப்பதற்கு 'ஷ்பாரன்' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஹம்ஸ்டர்ன் என்றால் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி வாங்கிக் குவிப்பது. கன்னப் பைகள் புடைக்கத் தானியத்தை அடைத்துக்கொண்டு வளைக்கு ஓடி, முன்னங்கால்களால் அதைப் பிதுக்கிக் கொட்டும் விலங்கிடமிருந்து வந்த வினை இது. முதல் உலகப் போரின் பஞ்சத்தில் எல்லோர் வாயிலும் புழங்கியது. இரண்டாம் போருக்குப் பின், குறிப்பாக 1946-47 குளிர்காலத்தில், நகரத்து மக்கள் கம்பளத்தையும் வெள்ளிக் கரண்டியையும் சுமந்துகொண்டு, நெரிசலான ரயில்களில் கிராமங்களுக்குப் போய் உருளைக்கிழங்குக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பயணத்தின் பெயர் 'ஹம்ஸ்டர்ஃபார்ட்'. வழியில் காவலர்கள் மூட்டையைப் பறித்துக்கொள்வதும் உண்டு. பசித்த பிள்ளைகளுக்காக அலைந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நினைக்க எனக்கு மனம் வராது. 2020-இல் கழிப்பறைத் தாளைக் குவித்ததற்கும் 'ஹம்ஸ்டர்காவ்ஃப்' என்றுதான் பெயர். அங்கே சொல்லில் கண்டனம் தொனிக்கிறது.

பயண வழிகாட்டி: 'ஹம்ஷ்டர்' என்று உச்சரிக்க வேண்டுமா?

வேண்டாம். சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ஸ்ட'தான் 'ஷ்ட' ஆகும். இங்கே அது நடுவில் வருகிறது. ஆண்பால் சொல், பன்மையிலும் உருவம் மாறாது.

பள்ளி ஆசிரியை: கடையில் விற்கும் ஹம்ஸ்டரும் இதுவும் ஒன்றா?

இல்லை. கடைகளில் அதிகம் காணும் பொன்னிற ஹம்ஸ்டர் சிரியாவைச் சேர்ந்தது. 1930-இல் அலெப்போ அருகே விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி பிடித்த ஒரு தாயின் குட்டிகள்தான் அதன் வளர்ப்புப் பரம்பரைக்கு மூலம். ஜெர்மானியர் கண்ட ஹம்ஸ்டர் கறுத்த வயிறுள்ள வயல் விலங்கு, 'ஃபெல்ட்ஹம்ஸ்டர்'. ஒரு காலத்தில் உழவர்கள் பயிர் எதிரியாக எண்ணி வேட்டையாடியது, தோலுக்காகவும் பிடித்தது. இன்று வயல்களில் அதைக் காண்பதே அரிது. 2020-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.