அமெரிக்கப் பள்ளி ஃபுட்பால் அணிகளைப் பிரிக்கும்போது குடும்ப வருமானத்தையும் பார்ப்பது நியாயமா?

நியாயம்தான் என்பது என் பதில். கேள்வி கேட்டவர், "மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பது புரிகிறது; ஏழைப் பள்ளிகளுக்கு எண்ணிக்கையில் சலுகை தருவது மற்ற அணிகளுக்கு அநியாயம் இல்லையா? அப்படியானால் கூடைப்பந்துக்கும் தருவார்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்தச் 'சலுகை'யோடுதான் எனக்குச் சண்டை. படிக்கல்லில் எடை குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை.

நான் இருப்பது அயோவா மாநிலத்தில், டெ மொயின் நகரை ஒட்டிய ஒரு புறநகரில். மகன் படிக்கும் பள்ளியின் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களில் தின்பண்டக் கடையில் நின்று பாப்கார்ன் விற்கும் பெற்றோரில் நானும் ஒருவன். வசதியான பள்ளி. ஆகவே ஏழை மாணவர்களில் ஒரு பகுதியைப் பள்ளியின் எண்ணிக்கையிலிருந்து கழிக்கும் இந்த விதியால் எங்களுக்குக் காலணா லாபம் கிடையாது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நம் ஊரில் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல இது. ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரில் வருபவரை மோதித் தள்ளிக்கொண்டு முன்னேறும் அமெரிக்க ஃபுட்பால். ஒவ்வொரு மாநிலத்திலும் பள்ளிகள் சேர்ந்து அமைத்த ஒரு விளையாட்டுச் சங்கம், மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிவுகளாக அடுக்கும். டெக்சாஸில் 6ஏ முதல் 1ஏ வரை ஆறு பிரிவுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக அடுக்குவார்கள். அயோவாவில் 9 முதல் 11 வரையிலான வகுப்புகளில் படிப்பவர்களை எண்ணி, மிகப் பெரிய 36 பள்ளிகளை 5ஏ என்ற மேல்பிரிவில் வைக்கிறார்கள். கீழே போகப் போகப் பள்ளிகள் சிறிதாகிக் கடைசியில் எட்டுப் பேர் ஆடும் பிரிவு வரும். டெக்சாஸின் குட்டிப் பள்ளிகளில் ஆறு பேர்தான் ஆடுகிறார்கள். அந்த ஆறு பேர் ஆட்டத்தை 1934-இல் நெப்ராஸ்காவில் ஸ்டீஃபன் எப்லர் என்ற ஆசிரியர் உருவாக்கினார். பொருளாதாரப் பெருமந்தக் காலம்; சின்னப் பள்ளிகளால் பதினொரு பையன்களைத் திரட்ட முடியவில்லை.

இந்த ஆட்டத்தில் மட்டும் எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? தாக்குவதற்குப் பதினொருவர், தடுப்பதற்குப் பதினொருவர், உதைப்பதற்கு இன்னும் சிலர் என்று ஓர் அணிக்குள் தனித்தனிப் படைகள் உண்டு. பெரிய பள்ளியில் இவர்கள் எல்லோரும் வெவ்வேறு ஆட்கள். சிறிய பள்ளியில் தாக்கிவிட்டு மூச்சு வாங்கும் அதே பையன்தான் அடுத்த நொடி தடுக்கவும் நிற்க வேண்டும். கடைசிக் கால்பகுதியில், களைத்த பதினேழு வயதுப் பையன்மேல் அதுவரை உட்கார்ந்திருந்த ஒருவன் வந்து மோதுவான். காயம் படும் ஆபத்து அப்போது அதிகம். ஆக, எண்ணிக்கையைப் பார்ப்பதன் உண்மையான நோக்கம் பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதல்ல. களத்தில் எத்தனை பேரை இறக்க முடியும் என்பது. எல்லாப் பள்ளிகளிலும் நூற்றுக்கு இத்தனை பேர் ஆட வருவார்கள் என்ற ஊகத்தின்மேல்தான் அந்தக் கணக்கே நிற்கிறது.

வறுமை அதிகமுள்ள பள்ளியில் அந்த ஊகம் பொய்த்துவிடுகிறது. பயிற்சி முடியும்போது மாலை ஆறு, ஆறரை ஆகிவிடும். பள்ளிப் பேருந்து மூன்றரைக்கே கிளம்பிவிட்டது. வீட்டில் கார் ஒன்றுதான், அதுவும் அம்மாவின் இரவு வேலைக்குப் போய்விட்டது என்றால் பையன் எப்படி வீடு திரும்புவான்? தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அண்ணன்கள் இருக்கிறார்கள். மளிகைக் கடையில் மூட்டை அடுக்கி வீட்டு வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடுவதற்கு மருத்துவரின் உடல்தகுதிச் சான்று வேண்டும். காலணி வாங்க வேண்டும். சில ஊர்களில் விளையாட்டுக் கட்டணமும் உண்டு. ஜூன், ஜூலை முழுவதும் காலையில் எடைப்பயிற்சிக்கு வர வேண்டும்; அந்த இரண்டு மாதங்களில்தான் இந்தப் பிள்ளைகள் நாலு காசு சம்பாதிக்க முடியும். வாடகை கட்ட முடியாமல் வீடு மாறும் குடும்பத்தின் பையன், ஆட்டமுறைகளைக் கற்று முடிப்பதற்குள் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறான்.

எங்கள் பக்கத்தில் நடப்பது வேறு. மூன்றாம் வகுப்பிலேயே பையனைச் சிறுவர் அணியில் சேர்த்துவிடுகிறார்கள். பந்து எறியும் குவார்ட்டர்பேக் இடத்துக்கு ஆசைப்படும் பிள்ளைக்கென்று தனிப் பயிற்சியாளர், கோடையில் முகாம், எடைப்பயிற்சிக்குத் தனிக் கட்டணம். பள்ளிக்கு வெளியே பெற்றோர் நடத்தும் பூஸ்டர் கிளப் நிதி திரட்டும். (என் பாப்கார்ன் காசும் அங்கேதான் போகிறது.) இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் டெக்சாஸின் ஆலன் ஊருக்குப் போக வேண்டும். 2012-இல் அங்கே 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் அமரும் ஸ்டேடியத்தைப் பள்ளி ஆட்டங்களுக்காகவே திறந்தார்கள். கான்கிரீட்டில் விரிசல் விட்டு 2014-இல் மூடி, செப்பனிட்டு மறுபடி திறக்க வேண்டியிருந்தது தனிக் கதை. ஊர் முழுவதற்கும் ஒரே உயர்நிலைப் பள்ளி என்பதால் எண்ணிக்கையும் அங்கே குவிகிறது, பணமும் குவிகிறது. 2012, 2013, 2014 மூன்று ஆண்டும் மாநிலப் பட்டம் அவர்களுக்குத்தான். பின்னாளில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்குக்குப் போன குவார்ட்டர்பேக் கைலர் மர்ரே அந்தப் பள்ளிக்காகத் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய 42 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. மர்ரேயின் திறமையைக் குறை சொல்லவில்லை. ஆனால் டெக்சாஸ் தலையை மட்டுமே எண்ணுகிறது. கஷ்டப்படும் ஒரு நகரத்துப் பெரிய பள்ளியும் இதே மேல்பிரிவில்தான் நிற்க வேண்டும்.

இப்போது சூத்திரத்துக்கு வருகிறேன். மதிய உணவு இலவசமாகவோ குறைந்த விலையிலோ பெறத் தகுதியுள்ள மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் 40 சதவீதத்தை மொத்த எண்ணிக்கையிலிருந்து கழிப்பது மினசோட்டாவின் வழி. அயோவாவில் 2022-இல் உறுப்புப் பள்ளிகள் வாக்களித்து அதே 40 சதவீதத்தை ஏற்றன; 2023 பருவத்திலிருந்து ஃபுட்பாலுக்கு மட்டும் நடைமுறையில் இருக்கிறது. ஓரிகனும் வறுமைக்காக எண்ணிக்கையைத் திருத்தும் மாநிலம்தான். ஓர் உதாரணக் கணக்கு: 2,000 பேர் படிக்கும் நகரப் பள்ளியில் 60 சதவீதம், அதாவது 1,200 பேர் உணவுச் சலுகைக்குத் தகுதியானவர்கள். அதில் 40 சதவீதம் 480. கழித்தால் 1,520. புறநகர்ப் பள்ளியில் 1,600 பேர், தகுதியானவர்கள் 80 பேர்தான். 32-ஐக் கழித்தால் 1,568. தலைக்கணக்கில் நானூறு பேர் பெரிதாக இருந்த பள்ளி, திருத்திய கணக்கில் கொஞ்சம் சிறியதாகிவிடுகிறது. களத்துக்கு வரும் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது கணக்கில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

கடுமையான எதிர்ப்பு நடுத்தர ஊர்களிலிருந்து வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. மேல்பிரிவில் 36 இடம் என்று முடிவாகிவிட்டால், ஒரு பள்ளி இறங்கும்போது இன்னொன்று ஏறியாக வேண்டும். தின்பண்டக் கடை முன்னால் அப்படி ஒரு ஊரிலிருந்து வந்த ஒருவர், "எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைகூடக் கூடவில்லை, பிரிவு மட்டும் கூடிவிட்டது, நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டாலும் சரியான கேள்வி. பழைய வரிசையில் அவர்களுக்குக் கிடைத்திருந்த இடம், நகரப் பள்ளியின் தலைக்கணக்கை அப்படியே நம்பியதால் கிடைத்தது என்றேன். ஏற்கவில்லை. பாப்கார்ன் மட்டும் வாங்கிக்கொண்டார்.

"ஏழை என்று முத்திரை குத்துகிறார்களே" என்ற வாதத்தை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. உணவுச் சலுகை விகிதம் பொதுவில் கிடைக்கும் தகவல்தான். பள்ளிகளை ஒப்பிடும் இணையதளங்களில் வீடு வாங்குபவர்கள் அதையும் பார்க்கலாம். இரண்டாம் பாதியில் 35 புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் இங்கே கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிடுவார்கள், ஆட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று. சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் வாராவாரம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நிற்பதைவிடவா கீழ்ப்பிரிவில் ஆடுவது அவமானம்?

இன்னொரு வாதம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது சூத்திரத்தை உண்மையாகவே சோதிக்கிறது. ஏழை ஊர்கள் ஃபுட்பாலில் கொடிகட்டிப் பறந்த கதைகள் அமெரிக்காவில் ஏராளம். பிட்ஸ்பர்க் பக்கத்தில் கிளேர்ட்டன் என்ற நலிந்த எஃகுத் தொழில் ஊர். அதன் பள்ளி 2009 முதல் 2012 வரை நான்கு மாநிலப் பட்டங்களை வென்று, தொடர்ந்து 66 ஆட்டங்களில் தோற்காமல் இருந்தது. ஃப்ளோரிடாவின் ஓகிச்சோபி ஏரிக்கரையில் பெல் கிளேட், பஹோக்கி என்று இரண்டு கரும்பு விளையும் ஊர்கள். கருமண், கடும் வறுமை. அறுவடைக்கு முன் கரும்புத் தோகையை எரிக்கும்போது தப்பி ஓடும் முயல்களைத் துரத்திப் பிடித்தே கால்வேகம் பெற்றவர்கள் என்று அந்தப் பையன்களைப் பற்றிச் சொல்வார்கள். ஃபிரெட் டெய்லர், சான்டோனியோ ஹோம்ஸ், அங்குவான் போல்டின் எல்லோரும் அந்தக் கரையிலிருந்து என்.எஃப்.எல்.லுக்குப் போனவர்கள். இப்படிப்பட்ட ஓர் ஊருக்கு 40 சதவீதக் கழிவு கொடுத்து இன்னும் கீழே இறக்கினால், கீழ்ப்பிரிவுக்காரர்களின் கதி என்ன?

அதற்கு மருந்து இந்தியானாவிடம் இருக்கிறது. அங்கே தொடர் போட்டிகளில் எவ்வளவு தூரம் போகிறாயோ அவ்வளவு புள்ளி. இரண்டு ஆண்டுகளில் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் சேர்ந்துவிட்டால், பள்ளி எவ்வளவு சிறியதானாலும் ஒரு பிரிவு மேலே ஏற வேண்டும். வருமானத்தைப் பார்த்து இறக்குவது, வெற்றியைப் பார்த்து ஏற்றுவது என இரண்டையும் சேர்த்து வைத்தால் கிளேர்ட்டன் போன்ற அணி தானாக மேலே போய்விடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது அரைவேலை.

எனக்கு உண்மையில் கவலை தருவது உணவுச் சலுகை என்ற அந்த அளவுகோல். கூட்டரசு வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் வருமானம் இருந்தால் உணவு இலவசம், 185 சதவீதத்துக்குள் இருந்தால் குறைந்த விலை. யாருடைய சம்பளச் சீட்டையும் விளையாட்டுச் சங்கம் கேட்க முடியாது. பள்ளியிடம் ஏற்கெனவே இருக்கும் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இதற்குப் பெற்றோர் படிவம் நிரப்ப வேண்டும். புதிதாகக் குடியேறிய குடும்பங்களில் அரசுப் படிவம் என்றாலே தயக்கம். தவிர, வறுமை மிகுந்த பள்ளிகள் எல்லோருக்கும் இலவச உணவு தரும் கூட்டரசுத் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் படிவமே தேவையில்லை. அதற்கான தகுதி வரம்பை 2023-இல் 40 சதவீதத்திலிருந்து 25-ஆகக் குறைத்துவிட்டார்கள். மினசோட்டா அதே ஆண்டு, நம் ஊர்ச் சத்துணவுபோல வருமானம் கேட்காமல் பள்ளியில் எல்லோருக்கும் இலவச உணவு தரத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு மிக நல்லது. ஆனால் எப்படியும் சாப்பாடு கிடைக்கிறது என்றால் படிவத்தை யார் நிரப்புவார்கள்? அரசின் உணவு உதவித் திட்டத்தில் ஏற்கெனவே பதிவான குடும்பங்களை நேரடியாக எண்ணுவதுதான் இனி உருப்படியான வழி என்று நினைக்கிறேன்.

தனியார் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லை வகுக்காமல் எங்கிருந்தும் மாணவரைச் சேர்க்கும் பள்ளிகளின் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்குவது இலினாய்ஸில் வழக்கம். அதே தர்க்கத்தின் மறுபக்கம்தான் வறுமைக் கழிவு. பெருக்கும்போது கைதட்டிவிட்டுக் கழிக்கும்போது மட்டும் அநியாயம் என்பவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

பிரிவை மாற்றுவதால் மாலை ஆறரை மணிக்கு ஒரு பேருந்து வந்துவிடாது. அது பள்ளி நிர்வாகத்தின் வேலை. அதைச் செய்த இடங்களில் எந்தச் சூத்திரத்தையும்விட அதிகமாக அணி தேறும் என்பது என் எண்ணம். சங்கத்தின் கையில் இருப்பது வரிசை மட்டுமே, வரிசையையாவது ஒழுங்காக அடுக்கட்டும்.

கடைசியாக, கூடைப்பந்து. அங்கே ஐந்து பேர் போதும். உயரமான இரண்டு பையன்களும் நல்ல பயிற்சியாளரும் கிடைத்தால் சின்னப் பள்ளிகூட ஒரு பருவத்தை ஓட்டிவிடும். களைத்தவன்மேல் புதியவன் மோதும் ஆபத்தும் ஃபுட்பால் அளவுக்கு இல்லை. அயோவா இப்போதைக்கு ஃபுட்பாலோடு நிறுத்திக்கொண்டதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. விரிவாக்குவதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது நீச்சலும் டென்னிஸும்தான். அவற்றில் பணத்தின் கை ஃபுட்பாலைவிட நீளம்.