டயாலிசிஸ்: எடை அப்படியே, கால் மட்டும் ஓய்கிறதே?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. வாரம் 3 நாள் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். எடை 50 கிலோவிலேயே நிற்கிறது. ஆனால் பஸ் படி ஏறத் திணறுகிறார். வயசுதான் காரணமா?

பதில்: வயசு என்று விட்டுவிடாதீர்கள். எடை மாறாததுதான் இங்கே ஏமாற்றுகிறது. கரைந்த தசையின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் தராசு அதே 50-ஐத்தான் காட்டும். டயாலிசிஸ் முடிந்த பிறகும் கால் வீக்கமோ, படுத்தால் மூச்சுமுட்டலோ இருந்தால் 'டிரை வெயிட்'டை, அதாவது கூடுதல் நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடையை, குறைக்க வேண்டியிருக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள். முடியும் நேரத்தில் கெண்டைக்கால் இழுத்து, பிரஷர் இறங்கினால் நேர்மாறு: நீரை அதிகமாகவோ வேகமாகவோ எடுக்கிறார்கள். எடுக்கும் நீர், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லியைத் தாண்டாமலிருப்பது நல்லது. அப்பாவுக்கு 4 மணி நேரத்தில் 2.6 லிட்டர்.

டயாலிசிஸ் இல்லாத நாளில், கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் நில்லுங்கள். 15 விநாடிக்கு மேலானால் கால் பலம் குறைந்துவிட்டது. மாதம் ஒருமுறை குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது சாப்பாடு. டயாலிசிஸுக்கு முன்பு "மீன், முட்டையைக் குறை" என்றதைப் பல வீடுகளில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அப்பாவுக்கு 50–60 கிராம். 100 கிராம் அயலையில் சுமார் 20, ஒரு முட்டை வெள்ளையில் மூன்றரை கிராம். வெறும் கஞ்சியும் துவையலுமாக இருந்தால் பாதிகூடத் தேறாது. நெத்தோலியை முள்ளோடு தின்றால் பாஸ்பரஸ் ஏறும். கருவாட்டு உப்பு தாகத்தைக் கூட்டும். மரச்சீனியைச் சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிவிட்டு அளவாகக் கொடுங்கள். ஏத்தன்பழமும் இளநீரும் பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்த்து மருத்துவர் சரி என்றால் மட்டும்.

முழு ஓய்வு தசையை இன்னும் கரைக்கும். டயாலிசிஸின் முதல் 2 மணி நேரத்தில், நர்ஸிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு காலையும் 10 முறை நீட்டி மடக்கட்டும். 2 சுற்று போதும். பிஸ்டுலா கை (டயாலிசிஸ் ஊசி குத்தியிருக்கும் கை) அசையக்கூடாது. தொடையில் குழாய் இருந்தால் அந்தக் காலும்தான். முடிந்ததும் 10 நிமிடம் உட்கார்ந்து, நின்றபடி பிரஷர் பார்த்த பிறகு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புங்கள்.

ஒரே நாளில் திடீரென்று கால் துவண்டால் அது இந்தக் கணக்கில் வராது. பொட்டாசியம் ஏறியிருக்கலாம்; அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.