பலர் பயன்படுத்தும் ஒரே டேட்டா மாடலில் யாருக்கு எந்த அனுமதியைத் தருவது?

கேள்வி: எங்கள் கிளைகள் அனைத்தும் பவர் பிஐ என்ற மைக்ரோசாஃப்ட் அறிக்கை மென்பொருளில் ஒரே மாடலை, அதாவது அறிக்கைகளுக்கு அடிப்படையான தரவுத் தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு கிளைக்கும் அதன் தரவு மட்டும் தெரியும்படி அனுமதிகளை எப்படி அமைப்பது?

கிருஷ்ணகிரி அருகே உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில் கொள்முதல் கணக்குகளுக்கான மாடலைப் பராமரித்து வருகிறேன். நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். பெங்களூரா காய் லாரி லாரியாக வந்திறங்கிக்கொண்டிருந்த ஒரு ஜூன் மாதத்தில், காவேரிப்பட்டணம் கொள்முதல் நிலைய ஊழியர் தம் தேவைக்கேற்ப ஓர் அறிக்கையைத் தாமே உருவாக்கிக்கொள்ள அனுமதி கேட்டார். அவசரத்தில் அவரை மாடலும் அறிக்கைகளும் இருக்கும் பணியிடத்தில், அதாவது ஒர்க்ஸ்பேஸில், கான்ட்ரிபியூட்டராகச் சேர்த்துவிட்டேன். மறுநாள் காலை எடைமேடையருகே ஒரு வியாபாரி, "பர்கூர்ல டன்னுக்கு ஐந்நூறு கூடக் குடுக்கறீங்களாமே சார்?" என்று கேட்டபோதுதான், பர்கூர் நிலையத்தின் விலையும் அந்த ஊழியருக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

நிலையவாரியாகத் தரவைப் பிரித்துக் காட்டும் ரோ லெவல் செக்யூரிட்டியை நான் முறையாகவே அமைத்திருந்தேன். பவர் பிஐ டெஸ்க்டாப்பில், இன்னொருவருக்கு எப்படித் தெரியும் என்று காட்டும் 'வியூ ஆஸ்' மூலம் சோதித்தபோதும் காவேரிப்பட்டணத்தின் வரிசைகள் மட்டுமே தெரிந்தன. ஆனால் அந்தச் சோதனை வடிகட்டியைத்தான் சோதிக்கிறதே தவிர, அந்த நபருக்குப் பணியிடத்தில் என்ன பொறுப்பு தரப்பட்டுள்ளது என்பதைப் பார்ப்பதில்லை. அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் ஆகிய மூவருக்கும் மாடலைத் திருத்தும் உரிமை இருப்பதால், அவர்களுக்கு இந்த வடிகட்டி செயல்படாது. பார்க்க மட்டும் உரிமையுள்ள வியூவராக இருப்பவருக்கும், மாடலில் படிக்கும் அனுமதியோ, அதைக் கொண்டு புதிய அறிக்கை உருவாக்க உதவும் பில்ட் அனுமதியோ மட்டும் பெற்றவருக்குமே அது செயல்படும்.

ஆகவே மாடலை ஒரு பணியிடத்திலும் அறிக்கைகளை வேறொரு பணியிடத்திலும் வைப்பதே என் பரிந்துரை. அறிக்கை தயாரிப்பவருக்கு இரண்டாவதில் கான்ட்ரிபியூட்டர் பொறுப்பைத் தரலாம். மாடலிலோ பில்ட் அனுமதி மட்டும் போதும். எக்செல்லில் இணைத்துப் பார்க்கவும் அதுவே போதுமானது. பில்ட் உள்ளவர் மாடலில் மறைத்து வைத்த நெடுவரிசையையும் எடுத்துவிட முடியும் என்பதால், மறைத்தலைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்.

அறிக்கையின் இணைப்பைப் பகிரும்போது, பெறுபவர் பிறருடன் பகிரலாம் என்பதற்கும், அதன் தரவைக் கொண்டு புதிய அறிக்கை உருவாக்கலாம் என்பதற்கும் உள்ள இரு கட்டங்களும் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். இரண்டையும் நீக்கிவிட்டே அனுப்புகிறேன்.

எங்களிடம் பருவத்தின் நடுவிலேயே ஆட்கள் நிலையம் மாறுவார்கள். அதனால் நிலையத்திற்கு ஒரு ரோல் (யாருக்கு எந்த வரிசை தெரியும் என்ற வடிகட்டி விதி) என்று உருவாக்காமல், மின்னஞ்சலும் நிலையமும் கொண்ட ஓர் அட்டவணையை மாடலில் சேர்த்து, யூசர்பிரின்சிபல்நேம் ஃபங்ஷன் தரும் உள்நுழைவுப் பெயரோடு ஒப்பிடும் ஒரே ரோலை வைத்திருக்கிறேன். ஆள் மாறினால் அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். தரவை நகலெடுத்து வைத்துக்கொள்ளும் இம்போர்ட் முறையில் உள்ள மாடலாக இருந்தால், அடுத்த ரெஃப்ரெஷ், அதாவது தரவுப் புதுப்பிப்பு, முடிந்த பிறகே மாற்றம் நடைமுறைக்கு வரும்.

அனுமதியைத் திரும்பப் பெறுவதுதான் பெரும்பாலோர் தவறவிடும் இடம். அறிக்கைகளைத் தொகுத்து வெளியிடும் பவர் பிஐ ஆப்பிலிருந்து ஒருவரை நீக்குவதால் மட்டும் மாடலில் அவருக்குள்ள பில்ட் அனுமதி போய்விடாது. மாடலின் அனுமதிகள் பக்கத்தில் அதைத் தனியாக நீக்க வேண்டும். பருவம் முடிந்து அந்தப் பக்கத்தை நான் முதன்முறையாகத் திறந்து பார்த்தபோது, வேலையை விட்டுச் சென்றுவிட்ட தற்காலிக ஊழியர்கள் இருவரின் பெயர்கள் பில்ட் அனுமதியுடன் அப்படியே இருந்தன.