ஐஸ் மேக்கர் வாங்குமுன் வடிகாலைப் பாருங்கள்

புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டின் சமையலறையில் தனி ஐஸ் மேக்கர் ஒன்றை வைக்க விரும்புவதாகவும், தண்ணீர் இணைப்பை நாமே கொடுத்துக்கொள்ளலாமா, வடிகால் என்று ஒன்று உண்மையிலேயே தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள். கையில் ஓரளவு பழக்கம் இருந்தால் தண்ணீர் இணைப்பை நாமே கொடுத்துவிடலாம். வடிகால் தேவையா என்பது நீங்கள் வாங்கப்போகும் இயந்திரத்தைப் பொறுத்தது. அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கும் ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் வந்தால் போதும், வடிகால் வேண்டியதில்லை. சமையலறை மேடைக்கு அடியில் பொருத்தும் தெளிவான பனிக்கட்டி இயந்திரங்களின் கதை வேறு. அவற்றில் குளிர்ந்த தகட்டின் மீது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். தூய நீர் முதலில் உறைய, உப்புகள் மிஞ்சிய நீரில் தங்கிவிடும், அந்த நீரை இயந்திரம் வெளியேற்றியாக வேண்டும். மேலும் இவற்றில் பலவற்றின் சேமிப்புத் தொட்டி உறைநிலையில் வைக்கப்படுவதில்லை. அது வெப்பம் புகாமல் காக்கும் பெட்டி மட்டுமே என்பதால், உள்ளே இருக்கும் பனிக்கட்டி மெல்ல உருகி வடிந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பலர் இதைப் பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

வடிகால் இருவகைப்படும். முதலாவது, தண்ணீர் தன் எடையாலேயே கீழிறங்குவது. இதற்கு இயந்திரத்தின் வெளியேற்று முனை, தண்ணீர் சேர வேண்டிய கழிவுநீர்க் குழாயின் வாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும்; இடைப்பட்ட குழாய் அடிக்குக் கால் அங்குலம், அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர், சரிந்துகொண்டே செல்ல வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் தொய்ந்தாலும் அங்கே நீர் தேங்கிப் பாசி பிடிக்கும். அந்தக் குழாயைக் கழிவுநீர்க் குழாய்க்குள் செருகி அடைத்துவிடக் கூடாது. குறைந்தது ஓர் அங்குலமோ, குழாய் விட்டத்தின் இரு மடங்கோ, எது அதிகமோ அவ்வளவு காற்று இடைவெளி விட வேண்டும். சாக்கடை அடைத்துக்கொண்டு எதிர்த்து வரும் நாளில், நீங்கள் குடிக்கும் பானத்தில் போடும் பனிக்கட்டியைக் காப்பாற்றுவது அந்த இடைவெளிதான்.

இரண்டாவது வகையில், வடிந்த நீரைச் சிறிய பம்ப் மேலேற்றிச் சிங்க்கின் கழிவுக் குழாய்க்கு அனுப்பும். இதனால் இயந்திரத்தை விரும்பிய இடத்தில் வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் மின்சாரம் போனால் பம்ப் நின்றுவிடும்; பனிக்கட்டியோ உருகுவதை நிறுத்தாது. தொட்டி நிறைந்திருக்கும் நேரத்தில் நீண்ட மின்தடை வந்தால் தரை நனையும். ஆகவே நினைத்த இடத்திலிருந்து நாலடி தள்ளி வைக்க நேர்ந்தாலும், பம்ப் இல்லாமல் வடியும் இடத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

தண்ணீர் இணைப்பைச் சிங்க்கின் அடியில் உள்ள குளிர்ந்த குடிநீர்க் குழாயிலிருந்து எடுங்கள். அங்குள்ள அடைப்பு வால்வில் மூன்று வழி இணைப்பு ஒன்றைப் பொருத்தி, ஐஸ் மேக்கருக்குப் போகும் கால் அங்குலக் குழாய்க்குத் தனி வால்வு வைப்பதே முறை. குழாயைத் துளைத்துக் கவ்விக்கொள்ளும் மலிவான வால்வுகளும் விற்கின்றன. அவை நாளடைவில் கசியும், பல இடங்களின் கட்டட விதிகள் அவற்றை ஏற்பதும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் குழாயைவிட எஃகு வலை பின்னிய ஹோஸ் நம்பகமானது. இயந்திரத்தை வெளியே இழுத்துத் துடைக்கும் அளவுக்கு அதன் பின்னால் நீளம் விட்டுவையுங்கள். குளிர்காலத்தில் உறையக்கூடிய வெளிச்சுவர் வழியாகக் குழாயைக் கொண்டு போக வேண்டாம். நீரழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும், ஆர்.ஓ. வடிகட்டியிலிருந்து இணைப்பு எடுத்தால் அழுத்தம் குறைந்து பனிக்கட்டி சிறுத்துப்போகும்.

வேலை முடிந்ததும் குழாயில் சிறிது நேரம் நீரை ஓடவிட்டு, முதலில் விழும் பனிக்கட்டிகளைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வோர் இணைப்பின் கீழும் உலர்ந்த காகிதத்தை விரித்து மறுநாள் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காகிதம் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவையும் தொடங்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக் கூரை நனைந்தால், இழப்பீட்டுப் பேச்சில் முதலில் கேட்கப்படுவது அந்தக் கடிதம்தான். உரிமம் பெற்ற பிளம்பர்தான் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னால் வாதிடாமல் ஒப்புக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய உதிரிகளையும் ஒரு பையில் போட்டுச் சிங்க்கின் அடியிலேயே வைத்திருங்கள். வீட்டைக் காலி செய்யும்போது குழாயைப் பழையபடி மாற்றித் தரச் சொல்வார்கள்.