காரை உரித்த சுவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகளிடம் போயிருந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பர்ஃபோர்ட் என்னும் சிற்றூரின் புனித யோவான் தேவாலயத்தைப் பார்த்தோம். உள்ளே கல் துலங்கும் சுவரில் கைவைத்தபோது 800 ஆண்டுப் பழமையைத் தொட்டதாகவே நினைத்தேன். ஆனால் மருமகன், "இதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டுத் திருப்பணி" என்கிறார். அப்படியானால் நான் பார்த்தது போலியா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

போலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் பழமை என்று எண்ணிய அந்த வெறுங்கல் தோற்றம் பெரும்பாலும் திருப்பணியின் விளைவு. இடைக்காலத்தில் ஊர்த் தேவாலயங்களின் உட்சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரை பூசி, அதன்மேல் இறுதித் தீர்ப்பையும் புனிதர்களையும் வண்ணத்தில் தீட்டுவது வழக்கம். கரடுமுரடான கற்களை அடுக்கியதே மேலே பூச்சு வரும் என்ற கணக்கில்தான். பின்னர், 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த மதச் சீர்திருத்தக் காலத்தில், ஓவியங்களை வெள்ளையடித்து மூடி, வேத வசனங்களை எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் கல் தெரிந்தால்தான் பழமை என்று நம்பிக் காரையை உரித்தபோது, இத்தனை நூற்றாண்டுகளும் சேர்ந்தே குப்பைக்குப் போயின. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பர்ஃபோர்டில் அப்படித் திருப்பணி செய்தவர் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட், அக்காலத்தின் பெரிய கட்டடக் கலைஞர். 1876இல் அதைக் கண்டு கொதித்த கவிஞர் வில்லியம் மோரிஸ் மறு ஆண்டே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 'சுரண்டாதே' என்பதே அதற்கு வாய்த்த செல்லப்பெயர். நான் மோரிஸ் கட்சி. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூரை ஒழுகி, சுவர் சரிந்து கிடந்த எத்தனையோ தேவாலயங்கள் இன்று நிற்பதற்கு ஸ்ட்ரீட் போன்றவர்கள்தான் காரணம்.

அதோடு, பர்ஃபோர்ட் எந்தக் காலத்திலும் ஒரே கையால் ஆன கட்டடமாக இருந்ததில்லை. நடுக்கோபுரத்தின் அடிப்பகுதி நார்மன் காலத்தது, 12ஆம் நூற்றாண்டு. அரைவட்ட வளைவுகளைக் கொண்டே சொல்லிவிடலாம். கம்பளி வணிகத்தில் பணம் கொழித்த 15ஆம் நூற்றாண்டில் அதன்மேல் இன்னொரு அடுக்கும் கூம்பும் ஏற்றினார்கள். தெற்கு வாசலின் மூன்றடுக்கு முகமண்டபமும் அதே நூற்றாண்டுதான். அதன் விதானத்தில் கல் விலாக்கள் விசிறிபோல் விரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஞானஸ்நானத் தொட்டியைப் பார்த்தீர்களா? 1649 மே மாதம், உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த நாடாளுமன்றப் படையின் தளபதி கிராம்வெல், தம் படையிலேயே கலகம் செய்த லெவலர் (சம உரிமை கேட்ட இயக்கத்தார்) வீரர்கள் 300க்கும் மேற்பட்டோரை இந்தத் தேவாலயத்துக்குள் அடைத்து வைத்தார். மூவரை வெளியே கொண்டுபோய்ச் சுட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் அந்தோணி செட்லி என்பவர் தொட்டியின் ஈயத்தில் தம் பெயரையும் ஆண்டையும் 'கைதி' என்பதையும் கீறி வைத்தார். கோணல்மாணலான எழுத்துகள். அழகுபடுத்துகிறேன் என்று யாராவது அந்த ஈயத்தகட்டை மாற்றியிருந்தால் அந்த மனிதர் இருந்த தடமே இல்லாமல் போயிருக்கும். 'பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம்' என்ற பேச்சைக் கேட்டாலே நான் அஞ்சுவது இதனால்தான். எந்தப் பழைய நிலை? 12ஆம் நூற்றாண்டா, 15ஆம் நூற்றாண்டா? ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை அழித்தாக வேண்டும்.

அடுத்த முறை போகும்போது தெற்கே லெச்லேடை ஒட்டிய இங்கிலெஷாமுக்கு மகளை அழைத்துப்போகச் சொல்லுங்கள். மோரிஸும் அவர் சங்கமும் பழுது மட்டும் பார்த்துக் காப்பாற்றிய சின்னஞ்சிறு தேவாலயம் அது. மற்ற இடங்களில் பிடுங்கி எறிந்த கதவு வைத்த பெட்டி இருக்கைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. நார்மன்களுக்கும் முந்தைய சாக்சன் காலத்து மாதாவும் குழந்தையும் புடைப்புச் சிற்பமாக உண்டு. ஒரு காலத்தில் வெளிச்சுவரில் இருந்தபோது அதையே சூரியக் கடிகாரமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுவரில் மட்டும் கைவைக்க வேண்டாம். காரை பல இடங்களில் உதிரும் நிலையில் இருக்கிறது. ஓர் அடி தள்ளி நின்று பாருங்கள், ஓவியத்தின் மேல் வசனம், அதன் மேல் இன்னொரு வசனம் என்று அடுக்கடுக்காகத் தெரியும்.